மின் கோளாறைத் தேடும் முறை: வீட்டு வயரிங்கில் எங்கே தொடங்குவது?

அளவு மீறி மின்னோட்டம் ஓடினால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்தான் எம்.சி.பி. அது கீழே விழுந்தால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். யாராவது போய் அதை மேலே தள்ளிவிடுவார்கள். நின்றால் சரி. விழுந்தால் இன்னொரு தரம் தள்ளிப் பார்ப்பார்கள். அதற்கும் நிற்காவிட்டால்தான் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போகும். வருகிறவரும் சில நேரம் சந்தேகப்பட்ட சுவிட்சை மாற்றுவார், பிறகு ஹோல்டரை மாற்றுவார், அப்புறம் எம்.சி.பி.யையே மாற்றிப் பார்ப்பார். எப்படியோ கோளாறு போய்விடும். எதனால் வந்தது, மறுபடி வருமா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இப்படி ஊகித்து மாற்றிக்கொண்டே போவதை விட்டுவிட்டு வேறு விதமாக யோசிக்கலாம். கோளாறு எங்கெல்லாம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்வதுதான் அந்த முறை. நாம் செய்யும் ஒவ்வொரு சோதனையும், சந்தேகப்பட வேண்டிய பகுதியில் ஒரு பெரிய துண்டை ஒதுக்கித் தள்ள வேண்டும். பதில் எப்படி வந்தாலும் எதையும் ஒதுக்காத சோதனை வீண்வேலை. அனுபவமுள்ள வயர்மேன் சீக்கிரம் முடிக்கிற வேலையை மற்றவர்கள் நாள் முழுக்க இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தொழில் பழக வந்தவர்களையும், தங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிளக்கைப் பிடுங்குவது, சுவிட்சை அணைப்பது, எந்தப் பிரேக்கர் எப்போது விழுந்தது என்று கவனிப்பது எல்லாம் வீட்டுக்காரரே செய்யலாம். போர்டைத் திறப்பதும் வயரைக் கழற்றுவதும் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை.

முதலில் பாதுகாப்பு

கைவைக்கும் முன் மின்சாரம் உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: இன்வெர்ட்டர். மெயினை அணைத்த அடுத்த நொடியே அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைத் தர ஆரம்பித்துவிடும். ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்து சுவிட்சுகளில் ஒன்று இ.பி. லைனிலும் இன்னொன்று இன்வெர்ட்டர் லைனிலும் இருக்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் போர்டைக் கழற்றுகிறவருக்கு அந்த இரண்டாவது லைன் காத்திருக்கிறது. அதனால் இன்வெர்ட்டரின் அவுட்புட்டையும் தனியாகப் பிரித்துவிட வேண்டும். முன்பக்க பட்டனை மட்டும் அணைத்துவிட்டு நம்பக்கூடாது. கூரையில் சோலார் இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தபின் சோதிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து, எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். அப்புறம் மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் மூன்றாவது சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். சாதாரண நியான் டெஸ்டர், உங்கள் உடல் வழியாகப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் எரிகிறது. காய்ந்த மர ஸ்டூல்மேல் நின்றுகொண்டு, நல்ல வெயில் வெளிச்சத்தில் பார்த்தால் எரிவதே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று நம்பலாம். எரியவில்லை என்பதை மட்டும் வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. மின்சாரம் வரும் வயர் ஃபேஸ், திரும்பும் வயர் நியூட்ரல், பாதுகாப்புக்காகத் தரையோடு இணைத்த வயர் எர்த். மல்டிமீட்டரால் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று ஜோடியையும் அளந்தபின் கைவையுங்கள்.

ஒரு சுற்று, நான்கு விதக் கோளாறு

வயரிங் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படை ஒரு சுற்றுதான். மீட்டரிலிருந்து மெயின், ஆர்.சி.சி.பி. (தரைக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர்), எம்.சி.பி. வழியாக ஃபேஸ் வருகிறது. சுவிட்சைத் தாண்டி விளக்குக்கோ மோட்டாருக்கோ போகிறது. அங்கே வேலையை முடித்த மின்னோட்டம் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. மூன்றாவது வயரான எர்த்தில், எல்லாம் சரியாக இருக்கும்வரை சொல்லும்படியாக எதுவும் ஓடாது.

இந்தச் சுற்றுக்கு நேரக்கூடியவை நான்கு. எங்கேயோ அறுந்து நின்றுவிடலாம். ஃபேஸும் நியூட்ரலும் குறுக்கே சேர்ந்து ஷார்ட் ஆகலாம். மின்னோட்டத்தில் ஒரு பகுதி நியூட்ரலை விட்டுவிட்டு சுவர், தண்ணீர், இரும்பு உடல் வழியாகத் தரைக்குக் கசியலாம். கடைசியாக, சுற்று அறுபடாமலே ஒரு முனை தளர்ந்து, தடை கூடிப்போகலாம். ஓவர்லோடை இதில் சேர்க்கவில்லை. வயரிங் ஒழுங்காகத்தான் இருக்கிறது. தாங்கும் அளவைவிட நாம் அதிகமாக இழுக்கிறோம், அவ்வளவுதான்.

எதிரில் இருப்பது இந்த நான்கில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதைச் சொல்லிவிடுவது பெரும்பாலும் கருவி கிடையாது, கேள்விகள்.

கருவியை எடுக்கும் முன்

எது விழுந்தது, எம்.சி.பி.யா ஆர்.சி.சி.பி.யா? எம்.சி.பி. என்றால் மின்னோட்டம் அளவு மீறியிருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்றால் கசிவு. இரண்டும் விழாமல் ஓர் அறை மட்டும் இருட்டாக இருந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. வீடு முழுக்க இருட்டு என்றால் தெருவில் கரண்ட் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். இதைச் செய்யாமலே மீட்டர் போர்டைத் திறக்கிறவர்கள் உண்டு.

எப்போது விழுந்தது? சுவிட்சைப் போட்ட கணமே எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட். கால் மணி, அரை மணி கழித்து விழுந்தால் ஓவர்லோடு அல்லது சூடு. எம்.சி.பி.க்குள் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருப்பதால் இந்த வேறுபாடு வருகிறது. பெரிய ஷார்ட் வந்தால் காந்தச் சுருள் ஒன்று நொடியில் ஒரு சிறு பங்கிலேயே இழுத்துவிடும். வீடுகளில் அதிகம் காணப்படும் 'சி' வகை எம்.சி.பி.யில், அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால்தான் அந்தச் சுருள் வேலை செய்யும். 10 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 50 முதல் 100 ஆம்பியர். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிற சுமையை இரட்டை உலோகத் தகடு பார்த்துக்கொள்கிறது. அது சூடாகி வளைந்து விழவைக்க நேரம் எடுக்கும். ஆக, விழுந்த நேரமே ஒரு தகவல்.

கடைசியாக என்ன மாறியது? புது ஏ.சி. மாட்டினார்களா, சுவரில் படம் மாட்ட ஆணி அடித்தார்களா, பெயின்டர் போர்டைக் கழற்றி மாட்டினாரா, நேற்று இரவு மழை பெய்ததா? பைப்புக்குள் ஓடும் வயர் நடுவில் தானாக அறுவது அபூர்வம். யாராவது துளை போட்டிருந்தாலோ எலி கடித்திருந்தாலோதான் நடுவில் கோளாறு வரும். மற்றபடி கோளாறுகள் வயர் சேருகிற இடங்களில், அதாவது சுவிட்ச் முனை, சீலிங் ரோஸ், ஜங்ஷன் பாக்ஸ், பிளக் பாயின்ட் ஆகியவற்றில்தான் குடியிருக்கும். தேடலை அங்கே தொடங்குவதே நியாயம்.

அறுந்த சுற்றைத் தேடுவது

ஒரு லைனில், பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து வரிசையாக 8 இடங்களுக்கு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வயர் தொடர்ந்து (லூப்) போகிறது, கடைசி இடத்தில் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் பாக்ஸிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால் எட்டையும் திறக்க நேரலாம். நேராக நான்காவதைத் திறந்து பாருங்கள். அங்கே மின்சாரம் இருந்தால் முதல் நான்கும் சுத்தம், கோளாறு அதற்கு அப்பால். இல்லையென்றால் அதற்கு இப்பால். அடுத்து மிச்சத்தின் நடுவில். மூன்று திறப்பில் இடம் அகப்பட்டுவிடும். பாதியாக வெட்டிக்கொண்டே போகும் இந்த முறை கசிவுக்கும் ஷார்ட்டுக்கும்கூடப் பொருந்தும். கணக்குப்படி நடு இடம் அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உள்ளதைத் திறங்கள். ஏற்கனவே சந்தேகத்துக்கு இடமான ஒரு ஜாயின்ட் தெரிந்திருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

புதியவர்களை அதிகம் குழப்புவது நியூட்ரல் அறுந்த நிலை. பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைக்கிறீர்கள். ஒரு துளையில் எரிகிறது, சரி. இன்னொரு துளையில் வைத்தால் அங்கேயும் எரிகிறது! ஆனால் எதுவும் ஓடவில்லை. இரண்டு துளையிலும் ஃபேஸ் வந்துவிட்டதே, ஷார்ட்டோ என்று பலர் பயப்படுவார்கள். நடந்தது எளிமையானது. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. அதே லைனில் சுவிட்ச் போட்டபடி ஒரு விளக்கோ ஃபேனோ இருக்கிறது. ஃபேஸ் அந்த விளக்கின் வழியாக நியூட்ரல் வயருக்குள் வந்து, மேலே போக வழியில்லாமல் நிற்கிறது. எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கினால் இரண்டாவது துளையில் எரிவது நின்றுவிடும். நின்றால் சந்தேகமே வேண்டாம், நியூட்ரல்தான். அறுந்த முனையைத் தேடிப் போகும்போது ஒன்றை மறக்கக்கூடாது. மீட்டர் பக்கத்திலிருந்து பிரிந்துபோன கருப்பு வயர், அந்த நிலையில் ஃபேஸைப் போலவே ஷாக் அடிக்கும். நியூட்ரல்தானே என்று தொட்டு அடிபட்டவர்கள் ஏராளம்.

இதே கோளாறு மூன்று ஃபேஸ் இணைப்பில் வந்தால் விஷயம் மோசமாகிறது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல், மின்கம்பத்திலோ மெயினிலோ அறுந்துவிட்டால், வேறு வேறு ஃபேஸில் உள்ள கருவிகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் இருப்பதாகக் கொள்ளுங்கள். அயர்ன் பாக்ஸின் தடை சுமார் 53 ஓம், எரியும் பல்பின் தடை சுமார் 529 ஓம். தடை அதிகமுள்ள பக்கமே வோல்டேஜைத் தன் தலையில் வாங்கும் என்பதால் பல்புக்கு 360 வோல்ட் வரை போகும். பல்பு போய்விடும், அந்த இடத்தில் டி.வி. இருந்தால் டி.வி. போய்விடும். ஓர் அறையில் விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது, இன்னோர் அறையில் மங்கி அழுகிறது, ஃபேன் ஒன்று பேய் வேகத்தில் சுற்றுகிறது என்றால் யோசிக்கவே கூடாது, ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். தமிழ்நாட்டில் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒற்றை ஃபேஸ்தான் என்றாலும், கட்டடத்தின் பொது நியூட்ரல் அறுந்தால் இதே கதிதான்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உள் தடை பொதுவாக 10 மெகா ஓம் அளவில் இருக்கும். அதனால், எங்கும் இணைக்கப்படாத ஒரு வயர் பைப்புக்குள் ஃபேஸ் வயரோடு ஒட்டி ஓடினாலே அதில் 60, 80 வோல்ட் என்று ஏதாவது காட்டும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு டெஸ்ட் லாம்பைப் பிடித்தால் போலி வோல்டேஜ் உடனே காணாமல் போய்விடும். உண்மையானது என்றால் பல்பு எரியும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரும் பல்பும் இரண்டு வயருமாகப் பையில் வைத்திருக்கிற அந்த டெஸ்ட் லாம்ப் இன்றைக்கும் மதிப்புள்ள கருவிதான். முனைகள் மட்டும் நன்றாக மூடப்பட்டிருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அதை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால் ஆர்.சி.சி.பி. விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஷார்ட்

ஷார்ட்டைத் தேடும்போது எம்.சி.பி.யைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளுவது நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஷார்ட் வழியாகப் பாய்கிறது. வயரும் வேகிறது, எம்.சி.பி.யின் கான்டாக்டும் தேய்கிறது. அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்க வேண்டும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை எம்.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால் நிலையான வயரிங்கில் சுவிட்ச்வரை கோளாறில்லை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, பிறகு ஒவ்வொரு பிளக்காகச் செருகி வந்தால் குற்றவாளி தானே அகப்படும். எதுவும் போடாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில், சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது.

அப்போது கைகொடுப்பது சீரிஸ் லாம்ப். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எம்.சி.பி.க்கும் அந்த லைனின் ஃபேஸ் வயருக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பார்கள். பிறகு மின்சாரம் கொடுத்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் இருந்தும் அரை ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும், எதுவும் வேகாது. மின்சாரத்தை நிறுத்தி, நடு ஜங்ஷன் பாக்ஸில் லூப்பைப் பிரித்து, மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். பல்பு அணைந்துவிட்டால் ஷார்ட் பிரிக்கப்பட்ட அந்தப் பாதியில். தொடர்ந்து எரிந்தால் இந்தப் பாதியில். லைன் முழுவதும் 230 வோல்ட் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பல்பு மின்னோட்டத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, ஷாக்கைத் தடுக்காது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் ஓம் அளந்தும் பார்க்கலாம். அதற்கு எதிர்பார்க்கும் எண் தெரிந்திருக்க வேண்டும். 2000 வாட் கீசரின் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஷார்ட் என்று அவசரப்பட்டு மாற்றக்கூடாது. 100 வாட் குண்டு பல்போ எரியும்போது 529 ஓம் என்றாலும் குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். இழை சூடாகும்போதுதான் அதன் தடை ஏறுகிறது.

கசிவு: ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது?

வீட்டு வயரிங்கில் மிகுந்த பொறுமை கேட்கும் கோளாறு இதுதான். பொறுமை போய் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுக்கும் கொடுமையும் இதில்தான் நடக்கிறது. ஓர் உயிர்காக்கும் கருவியை நீக்குவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அப்படிச் செய்யச் சொல்லும் வீட்டுக்காரருக்கு வயர்மேன் மறுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது முழுக்கத் திரும்பாவிட்டால் மீதி வேறெங்கோ தரைக்குப் போகிறது என்று பொருள். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அது விழுந்தே ஆக வேண்டும். அதில் பாதியான 15 வரை விழக்கூடாது. இடைப்பட்ட அளவில் எங்கும் விழலாம். ஓம் கணக்குப்படி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 7,700 ஓம் அளவுக்கு ஒரு வழி உண்டானாலே போதும், 30 மில்லி ஆம்பியர் போய்விடும். ஈரமான ஒரு ஹோல்டருக்கு இது பெரிய காரியமே இல்லை.

அடிக்கடி மாட்டுபவை சில உண்டு. மழைக்காலத்தில் விடியற்காலை விழுந்து, மத்தியானம் வெயில் ஏறியதும் ஒழுங்காக நின்றால், கேட் விளக்கு, மொட்டை மாடி விளக்கு, வெளிப்பக்க பிளக் பாயின்ட் என்று மழை படுகிற இடங்களைப் பாருங்கள். தளத்தில் பதித்த பைப்புக்குள் தண்ணீர் நின்று, அதில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று ஊறிக்கொண்டிருப்பது சகஜம். கீசரைப் போட்டு ஐந்து, பத்து நிமிடம் கழித்து விழுந்தால் ஹீட்டரின் உறையில் வெடிப்பு விட்டிருக்கலாம். பல மாதம் சும்மா இருந்த கீசர் முதல்நாள் விழவைப்பதற்கும் காரணம் உண்டு. ஹீட்டருக்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் பொருள். தண்ணீருக்குள் இருக்கும் போர் மோட்டாரும் அதன் கேபிள் ஜாயின்டும் அடுத்த சந்தேகம்.

இங்கேயும் வெட்டிப் பார்க்கும் முறைதான். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனின் பிளக்குகளைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலான கசிவு இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டுவிடும்.

பிடிபடாத ஒன்று இருக்கிறது. எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கிறது, ஆனாலும் ஆர்.சி.சி.பி. சில வேளை விழுகிறது. அல்லது அயர்ன் பாக்ஸைப் போடும்போதெல்லாம் விழுகிறது, அயர்ன் பாக்ஸை மாற்றினாலும் விழுகிறது, அதைப் பக்கத்து வீட்டில் போட்டால் எந்தக் குறையுமில்லை. இதற்குக் காரணம் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருப்பது. சாதாரண ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் நேராக இணைந்தேதான் இருக்கும். அதனால் எம்.சி.பி.யை இறக்கி இந்தக் கோளாறைப் பிரிக்க முடியாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் சும்மா இருக்கும்போது கசிவும் குறைவு. அயர்ன் பாக்ஸ் போல 4, 5 ஆம்பியர் இழுக்கும் ஒன்று வீட்டில் எந்த மூலையில் ஓடினாலும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டம் கூடுகிறது. அதில் ஒரு பங்கு, தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் வழியாக எர்த்துக்குப் பிரிந்துபோகிறது. ஆர்.சி.சி.பி.யின் கணக்கில் அது குறைவாகத் திரும்பியதாகத் தெரிகிறது, விழுகிறது. பழி மட்டும் அயர்ன் பாக்ஸ்மேல்.

இதைக் கண்டுபிடிக்க, மெயினை இறக்கி இன்வெர்ட்டரையும் பிரித்தபின், எல்லா நியூட்ரல் வயரும் ஒன்று சேரும் நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு லைனின் கருப்பு வயரையும் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே தடையை அளக்க வேண்டும். குறைவாகக் காட்டுகிற லைனில் கோளாறு. போர்டுக்குள் எர்த் கம்பி நியூட்ரல் முனையில் உரசிக்கொண்டிருப்பது, பெட்டியை மூடும்போது திருகு வயரின் உறையைக் கிழித்திருப்பது, தெரியாத யாரோ பிளக் பாயின்ட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் வேண்டுமென்றே சேர்த்துக் கட்டியிருப்பது என்று காரணம் வெளிப்படும். இரண்டு ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில், ஒரு கருவிக்கு ஃபேஸை ஒன்றிலிருந்தும் நியூட்ரலை மற்றொன்றிலிருந்தும் எடுத்திருந்தாலும் இதே போல் விழும். இன்வெர்ட்டர் இணைப்பு கொடுக்கும்போது இந்தத் தவறு நிறைய நடக்கிறது.

மல்டிமீட்டரின் சிறிய பேட்டரி வோல்டேஜில் சரி என்று காட்டுகிற காப்பு (வயரின் மேல் உறை போன்றவை), 230 வோல்ட்டில் கசியலாம். அதற்குத்தான் காப்பின் தடையை அளக்கும் மெகர். வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டி.சி. கொடுத்துச் சோதிப்பார்கள், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக்கொண்டு எர்த்துக்கு அளந்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. நல்ல புது வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். சோதனைக்கு முன் எல்.இ.டி. பல்பு, டி.வி., இன்வெர்ட்டர், மின்னணு ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். 500 வோல்ட்டை அவை தாங்காது.

எங்கும் கோளாறே இல்லாமலும் ஆர்.சி.சி.பி. விழக்கூடும். கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்றவற்றில் உள்ள ஃபில்டர்கள் இயல்பாகவே எர்த்துக்குச் சிறிது கசியவிடும். ஒவ்வொன்றும் சொற்பம். ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் நிறையச் சேர்ந்தால் 15 மில்லி ஆம்பியரை நெருங்கிவிடும். அப்போது லைன்களை இரண்டு ஆர்.சி.சி.பி.க்குப் பிரித்துக் கொடுப்பதே தீர்வு.

தளர்ந்த முனை

மற்ற மூன்றும் தாமே வந்து அறிவித்துவிடும். இது அறிவிக்காது. அதனால்தான் நான்கிலும் இதற்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பேன்.

ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டின் திருகு தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது. அதில் 10 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட்தான் குறையும், கீசரோ ஏ.சி.யோ அதை உணராது. ஆனால் அந்தச் சின்னத் திருகில் 50 வாட் வெப்பம் உண்டாகிறது. இரண்டு 25 வாட் சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் எரியவிட்ட மாதிரி. ஓடுவது இயல்பான 10 ஆம்பியர்தான், அதனால் எம்.சி.பி.க்கு இது தெரியாது. எர்த்துக்கும் எதுவும் போகவில்லை, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. சூட்டில் செம்பு கறுக்கிறது, கறுப்பு தடையைக் கூட்டுகிறது, தடை சூட்டைக் கூட்டுகிறது. தீ பிடிப்பது இப்படித்தான்.

கண்ணும் மூக்கும் கையும்தான் இங்கே கருவி. போர்டுப் பக்கம் மீன் வாடை போல ஏதோ அடிக்கிறதா? மின்பொருட்களின் பிளாஸ்டிக் சூடேறும்போது அப்படி நாறும். பிளக்கைப் பிடுங்கியதும் அதன் உலோக முனை தொடமுடியாத சூடாக இருக்கிறதா, பாயின்ட்டின் துளை பழுப்பேறியிருக்கிறதா? கிரைண்டரைப் போடும்போது விளக்கு சட்டென மங்கி, சிமிட்டுகிறதா? சுவிட்சில் 'கிர்' என்று சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த லைனை அன்றைக்கே நிறுத்துங்கள். அலுமினிய சர்வீஸ் வயர் மீட்டர் பக்கத்தில் செம்பு வயரோடு சேருகிற இடமும் அடிக்கடி பழுதாகும். அதைத் தொடுவது மின்வாரியத்தின் ஆட்களுடைய பொறுப்பு. தனியாக ஒரு எம்.சி.பி. மட்டும் குறைந்த சுமையிலும் சூடாகி விழுந்துகொண்டே இருந்தால், அதை மாற்றும் முன் அதன் முனைத் திருகைப் பாருங்கள். தளர்ந்த திருகின் சூடே உள்ளிருக்கும் தகட்டை வளைத்துவிடும்.

சரிசெய்தபின் இன்னொரு தேடலும் பாக்கி

கருகிய பிளக் பாயின்ட்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஏன் கருகியது? திருகு சரியாக இறுக்கப்படவில்லையா, 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாற்றுப் பிளக் போட்டு கீசரை ஓட்டினார்களா, 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏ.சி.யை இணைத்தார்களா? இதற்குப் பதில் தெரியாவிட்டால் புதுப் பாயின்ட்டும் கருகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போடுவதும் ஃப்யூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் கோளாறைத் தீர்க்காது. எம்.சி.பி. காப்பது வயரை. அதன் அளவை வயர்தான் தீர்மானிக்க வேண்டும். கருவிக்கு அதிகம் தேவையென்றால் டி.பி. பாக்ஸிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுக்க வேண்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன் எர்த் தொடர்ச்சியையும் காப்புத் தடையையும் அளந்துவிடுங்கள். கொடுத்தபின் பாயின்ட்டில் ஃபேஸ் வலப்பக்கம்தானா, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று சரிபாருங்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்காரரே இதைச் செய்யலாம். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்பதை மட்டும் காட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது, அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். கடைசியாக, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எது இன்வெர்ட்டர் லைன், இன்று எந்த ஜாயின்ட் மாற்றப்பட்டது, அளந்தபோது எத்தனை மெகா ஓம் காட்டியது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டி.பி. பாக்ஸின் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வருகிறவர், அது நீங்களாகவே இருந்தாலும், பாதி கேள்விகளை அங்கேயே முடித்துக்கொள்வார்.